ஹீட் பம்புக்குக் கட்டிய கூண்டு

ஹல்வார் கை ஓங்கினால் எதிரில் இருப்பது ஆளா சாமானா என்று பார்க்கிற ரகம் இல்லை. அன்று காலை அது சாமானாக இருந்ததில் தூரிட்டுக்கு நிம்மதி. கட்டிய புருஷன் இரும்பைக் குத்துகிறான், என்னைக் குத்தவில்லை என்று நிம்மதிப்படுகிற நிலைக்கு வந்துவிட்டோமே என்று அடுத்த நொடியே வெட்கமாகவும் இருந்தது. சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டைச் சூடாக்குகிற ஹீட் பம்பின் வெளிப்பெட்டிக்கு அடியில் பாறையாக இறுகிக் கிடந்த பனிக்கட்டியை அவன் கடப்பாரையால் குத்திக்கொண்டிருந்தான். விடியற்காலையிலிருந்து ஃபேன் அந்தப் பனியில் உரசி வீறிட்டுக்கொண்டிருந்தது. உள்ளே சுவரில் இருக்கிற பெட்டியோ சூடாக ஊதுவதை விட்டுவிட்டு அரை மணிக்கு ஒரு தரம் செத்துச் செத்துப் பிழைத்தது. ஒரு குத்துக்கு ஒரு கெட்ட வார்த்தை. வார்த்தைகள் எல்லாம் பக்கத்து வீட்டு எஸ்கிலுக்கு. ஒரு குத்து தவறி ஃபேனின் கம்பிவலையில் விழுந்து அதை உள்ளே நசுக்கியது. அந்த ஆத்திரத்தில் பெயர்ந்து கிடந்த பனித்துண்டு ஒன்றை எடுத்து வேலிக்கு அந்தப் பக்கம் விட்டெறிந்தான். எஸ்கில் வீட்டு ஜன்னல் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது.

எஸ்கில் கையில் ரொட்டியோடு வாசலுக்கு வந்தான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன், மனைவியை இழந்து தனியாக இருப்பவன், ஒல்லியான ஆள்.

"என்ன ஹல்வார் இது?"

"தண்ணி ஊத்துனல்ல, அதுக்குக் கூலி."

"உன் மெஷின்ல நான் எதுக்குய்யா தண்ணி ஊத்தப் போறேன்?"

"சத்தம் கேக்குது, தூக்கம் வரலன்னு என் வாசல்ல வந்து அழுதது எவன்? நான் வர்றதுக்குள்ள கதவைச் சாத்திக்க. இல்லன்னா அந்த ரொட்டிய இனிமே உறிஞ்சித்தான் குடிக்கணும்."

எஸ்கில் கதவைச் சாத்திக்கொண்டான். ஹல்வார் கடப்பாரையை வேலியில் ஒரு அடி அடித்துவிட்டு, பெட்டியை மூடும் மரக்கூண்டின் கதவைத் திரும்ப மாட்டிவிட்டு உள்ளே வந்தான்.

சத்தம் கேட்கிறது என்று எஸ்கில் சொன்னது உண்மைதான். போன இலையுதிர் காலத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் வந்து சொன்னான். மெஷின் உறுமுவது நேராக அவன் படுக்கை அறைக்குப் போகிறது என்றான். அதற்குத்தான் ஹல்வார் ஒரு கூண்டு கட்டினான். அந்தப் பள்ளத்தாக்கில் ஹீட் பம்பை அம்மணமாக நிறுத்திவைப்பது கௌரவக் குறைச்சல். ஆளாளுக்கு அதன் மேல் ஒரு மரவீடு கட்டி, சொந்த வீட்டுக்கு அடித்த பெயிண்டையே அடித்துவைப்பார்கள். ஹல்வார் கட்டியதோ எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. சிவப்புச் சுவர், வெள்ளை மூலை, கூரையில் புல்தரை, முன்னால் பனித்துகள்கூட நுழையாத நெருக்கமான மரப்பட்டிகளால் ஆன கதவு. பார்த்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். கடமான் வேட்டைக்கு அவனோடு போகிற கூட்டாளிகளில் இரண்டு பேர், எங்களுக்கும் ஒன்று கட்டிக் கொடு என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். வாழ்நாளில் யாரும் அவனைப் புகழ்ந்தது அந்த ஒரு முறைதான் என்று தூரிட் நினைப்பாள்.

எஸ்கில் மேல் அவனுக்கு இருந்த காய்ச்சல் சத்தத்தால் மட்டும் வந்ததில்லை. போன குளிர்காலத்தில் ஒருநாள் அவளை அறைந்து வெறுங்காலோடு வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டான். அவள் எஸ்கிலின் சமையலறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். எஸ்கில் ஒரு வார்த்தை கேட்கவில்லை, காப்பி போட்டுக் கொடுத்தான். ஊர் அதற்குக் கண் காது மூக்கு வைத்தது.

ஆகவே தூரிட்டுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இந்தப் பனி இப்படியே கட்டிக்கொண்டிருந்தால் ஒரு நாள் ஹல்வார் எஸ்கிலை அடித்தே கொன்றுவிடுவான். அதற்குள் மெஷினுக்கு என்ன நோய் என்று அவள் கண்டுபிடித்தாக வேண்டும்.

அன்று அவன் மரக்கட்டை லாரியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனதும் ஆரம்பித்தாள். முதலில் உள்பெட்டியைத் திறந்து ஃபில்டரை உருவினாள். பூனை முடியும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி அப்பிக்கிடந்தது. வெந்நீரில் கழுவிக் காயவைத்து மாட்டினாள். காற்று கொஞ்சம் தாராளமாக வந்தது, ஆனால் வெளியே பனி கட்டுவது நிற்கவில்லை. அடுத்து ரிமோட். ஹல்வார் குளிர்ந்தால் முப்பதுக்கு ஏற்றுவான், வியர்த்தால் அணைத்துவிடுவான், மெஷினையும் பெண்டாட்டி மாதிரியே நடத்துவான். அவள் அதை இருபத்தொன்றில் நிறுத்தி ரிமோட்டை டிராயரில் போட்டுவிட்டாள். அதற்கும் பனி மசியவில்லை.

பிறகு வெளியே போய்க் கூண்டின் முன்னால் நின்றாள். வெளிப்பெட்டி குளிர்ந்த காற்றை முன்பக்கமாக ஊதித் தள்ள வேண்டும். கையை நீட்டினாள். பட்டிகளுக்கு வெளியே காற்றே வரவில்லை. ஜன்னலில் மாட்டியிருந்த தெர்மாமீட்டரைக் கழற்றிக் கொண்டுவந்து இடுக்கு வழியாக உள்ளே தொங்கவிட்டு, ஒரு காப்பி குடிக்கிற நேரம் கழித்துப் பார்த்தாள். வெளியே மைனஸ் பதினெட்டு. கூண்டுக்குள் மைனஸ் இருபத்தேழு.

 மெஷின் தான் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறது. வெளியே தள்ளிய குளிர் கதவில் முட்டித் திரும்பி, சுற்றி வந்து, பின்பக்கமாக மறுபடி உள்ளே போகிறது. அதனால்தான் உடம்பெல்லாம் உறைபனி பூக்கிறது. அதை உருக்க மெஷின் நின்று நின்று தன்னையே சூடாக்கிக்கொள்கிறது. உருகிய தண்ணீர் ஓட வழியில்லாமல் கூண்டுக்குள்ளேயே உறைந்து, ஏறி ஏறி ஃபேனைத் தொடுகிறது. தண்ணீர் ஊற்றியவன் எஸ்கில் இல்லை. ஹல்வார் கட்டிய அழகான கூண்டுதான் ஊற்றிக்கொண்டிருந்தது.

நோய் தெரிந்துவிட்டது, அதை அவனிடம் யார் சொல்வது? அன்று சாப்பாட்டு மேஜையில் மெதுவாகத்தான் ஆரம்பித்தாள்.

"அந்தக் கூண்டு கொஞ்சம் நெருக்கமோன்னு தோணுது. முன்னால காத்து போகல."

ஹல்வார் உருளைக்கிழங்கை மென்று விழுங்கினான்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே பாத்தேன்."

"எஸ்கில் சொன்னானா?"

"ஏன் எல்லாத்துக்கும் அவனையே..."

அவள் முடிப்பதற்குள் பின்தலை முடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தை மேஜையில் மோதினான். தட்டு இரண்டாக உடைந்தது. மூக்கிலிருந்து ரத்தம் குழம்பில் சொட்டியது.

"ஊரே பாத்துக் கும்பிட்ட வேலைடி அது. உனக்கு என்ன தெரியும்? அவன் சொல்லிக் கொடுத்தத இங்க வந்து ஒப்பிக்கிறியா?"

 அவள் மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு தட்டுத் துண்டுகளைப் பொறுக்கினாள். இனி வாயால் சொல்லிப் பயனில்லை, அவன் இல்லாதபோது செய்துதான் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

அந்த வாரம் அவனுக்கு ஸ்வீடன் எல்லைக்கு லோடு இருந்தது, வர நாட்களாகும். லாரி திருப்பத்தில் மறைந்ததும் தூரிட் ஸ்க்ரூடிரைவரை எடுத்துப்போய்க் கூண்டின் கதவைக் கழற்றினாள். கனமான கதவு. இழுத்துக்கொண்டுபோய் விறகுக் கொட்டகையில் சாய்த்தாள். மெஷின் ஒரு பெருமூச்சு விட்டது போல ஊதியது, காற்று முற்றம் வரைக்கும் வந்தது. அடியில் ஏற்கெனவே இறுகியிருந்த பனி மட்டும் பாக்கி. கடப்பாரை பட்டால் குழாய் உடையும், அதனால் வெதுவெதுப்பான தண்ணீரை வாளியில் கொண்டுவந்து ஊற்ற ஆரம்பித்தாள். அடிபட்டு வீங்கிய மூக்கு குளிரில் விண்விண் என்று தெறித்தது.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எஸ்கில் பார்த்தான்.

"தூரிட், சத்தம் நின்னுபோச்சே. என்ன பண்ணுன?"

"கதவக் கழட்டிட்டேன், அவ்வளவுதான். இன்னும் பனி கெடக்கு."

"தள்ளு, நான் ஊத்தறேன். முகமே சரியில்ல உனக்கு. உள்ள போய் அடுத்த வாளிய நெரப்பு."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் போனதற்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை. ஹல்வார்தான் வரமாட்டான், எல்லை வரைக்கும் போயிருக்கிறானே என்று நினைத்தாள். மலைப்பாதையைப் பனிப்புயலுக்காக மூடிவிட்டார்கள், லாரிகளைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

குழாயடியில் வாளி நிரம்பிக்கொண்டிருந்தபோது லாரி பிரேக் அடிக்கிற சத்தம் கேட்டது. அவள் வாசலுக்கு ஓடி வந்தபோது ஹல்வார் ஏற்கெனவே முற்றத்தைக் கடந்துவிட்டான். அவன் பார்த்தது இதுதான்: திறந்து கிடக்கிற கூண்டு, அதன் முன் மண்டியிட்டு வாளியிலிருந்து தண்ணீர் ஊற்றுகிற எஸ்கில்.

"ஹல்வார், நான்தான் ஊத்தச் சொன்னேன்" என்று கத்தினாள்.

அவன் காதில் விழுந்ததா என்பதே தெரியவில்லை. முதல் உதை எஸ்கிலின் விலாவில் விழுந்தது. பூட்ஸின் முனையில் இரும்பு. எஸ்கில் கவிழ்ந்தான். அவனைக் காலரைப் பிடித்துத் தூக்கி, முகத்தைக் கூண்டின் மூலைக்கட்டையில் அடித்தான். மறுபடி அடித்தான். வெள்ளைப் பெயிண்ட் சிவந்தது. எஸ்கில் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான், கைகளின் மேலேயே மிதி விழுந்தது. விரல் முறிகிற சத்தத்தைத் தூரிட் தெளிவாகக் கேட்டாள். பனி அள்ளும் மண்வெட்டியை எடுத்து ஹல்வாரின் முதுகில் பலம் கொண்ட மட்டும் போட்டாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்கையால் வீசினான், அவள் படிக்கட்டில் போய் விழுந்தாள்.

"ஊத்து. இப்ப ஊத்து பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே அவன் தாடையில் மிதித்தான்.

ரோட்டில் பனி தள்ளிக்கொண்டு வந்த வண்டிக்காரன் இறங்கி ஓடிவந்து, பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்திருக்காவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். எஸ்கில் அசையாமல் கிடந்தான். அவனைச் சுற்றி வாளித் தண்ணீர் ரத்தத்தோடு சேர்ந்து உறைந்துகொண்டிருந்தது.

ஆம்புலன்ஸ் போனபின் போலீஸ்காரன் ஆர்ன்ஃபின் வந்தான். ஹல்வாரோடு கடமான் வேட்டைக்குப் போகிறவன், தூரிட்டோடு ஒரே வகுப்பில் படித்தவன். ஹல்வார் வாளியைத் தூக்கிக் காட்டினான்.

"கையும் களவுமாப் பிடிச்சேன். மைனஸ் இருபதுல ஒருத்தன் வந்து உன் வீட்டு மெஷின உடைச்சா நீ கை கட்டி நிப்பியா?"

"நான்தான் அவனக் கூப்பிட்டேன். கதவக் கழட்டினது நான். அந்தக் கூண்டுதான் கோளாறு, அதனாலதான் பனி கட்டுது" என்றாள் தூரிட்.

"கேட்டியா?" ஹல்வார் சிரித்தான். "அவனுக்காக எதையும் சொல்லுவா."

ஆர்ன்ஃபின் அவளைத் தனியே கூப்பிட்டுக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினான்.

"தூரிட், கோவிச்சுக்காத. நீயும் எஸ்கிலும்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு இருக்கு. நீ சொல்றத எவன் நம்புவான்? அவன் தாடை நொறுங்கிக் கெடக்கு, வாயத் திறக்க நாளாகும். அடிச்சது தப்புதான், கேஸ் போடத்தான் போறேன். ஆனா அவன் தண்ணி ஊத்தப் போய்த்தான் இவன் அடிச்சான்னு ஆனா, கோர்ட்டு கொஞ்சம் எறங்கித்தான் வரும்."

"எறங்கி வந்தா இவன் வீட்டுக்கு வந்துருவான். எஸ்கிலும் வருவான். அப்புறம்?"

ஆர்ன்ஃபின் கையுறையை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினான். விசாரணைக்குக் கூப்பிடும்போது வர வேண்டும் என்று ஹல்வாரிடம் சொல்லிவிட்டுப் போனான். வேட்டைக் கூட்டாளிக்கு அவன் செய்த மரியாதை அது. 

ஹல்வார் கொட்டகையிலிருந்து கதவை எடுத்துவந்து, முன்பு இருந்ததைவிட நீளமான ஸ்க்ரூக்களைப் போட்டு முறுக்கினான். இருந்த பனியெல்லாம் உருக்கியாகிவிட்டது. புயலோடு குளிரும் கொஞ்சம் தணிந்திருந்தது. ஆகவே மெஷின் அன்று சத்தமில்லாமல் ஓடியது, வீடு கதகதவென்று இருந்தது. அவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, காலை மேஜை மேல் நீட்டிக்கொண்டு பீர் குடித்தான்.

"பாத்தியா? இத்தன நாளு சீராட்டுன, தட்டிக்கொடுத்த, ஃபில்டரக் கழுவுன. ஒரு மிதி மிதிச்சேன், பனி நின்னுபோச்சு."

அவள் தரையில் சிந்தியதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எஸ்கில் திரும்பி வரட்டும். மறுபடி ஒரு சொட்டு உறைஞ்சிருந்தா, அடுத்த தடவை ஆஸ்பத்திரி வேணாம், நேரா பள்ளந்தோண்ட வேண்டியதுதான்."

அவன் அதை ஆத்திரத்தில் சொல்லவில்லை. நாளைக்கு விறகு வெட்ட வேண்டும் என்பது போலச் சாதாரணமாகச் சொன்னான். அதைக் கேட்டபோதுதான் தூரிட்டுக்கு உண்மையில் பயம் வந்தது.

அவள் நினைத்திருந்தால் அவன் வெளியே போகிற நேரம் பார்த்து நாலு பட்டியை நெம்பி எடுத்திருக்கலாம். பனி கட்டாது, வீடும் அமைதியாக இருக்கும். ஆனால் அந்த அமைதி ஹல்வாரின் பூட்ஸ் வாங்கிக் கொடுத்ததாக ஆகிவிடும், எஸ்கில் கடைசிவரைக்கும் தண்ணீர் ஊற்றினவனாகவே இருப்பான். வழி தெரிந்தும் அவள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். வானம் வெளுத்துக் குளிர் திரும்ப இறங்கியது. காப்பிக் கோப்பையோடு ஜன்னலில் நின்று, பட்டிகளின் இடுக்கில் வெள்ளை ஏறுவதைத் தினமும் பார்த்தாள். ஹல்வாரோ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஜெயித்தவன் எதற்குத் திரும்பிப் பார்க்கப் போகிறான்?

ஒரு காலை, பனி பொழிந்து ஓய்ந்திருந்தது. தூரிட் கொட்டகைக்குப் போய் அடுப்புக்கு விறகு எடுத்துவந்தாள். அவள் உள்ளே நுழையும்போது ஃபேன் வீறிட ஆரம்பித்தது. உடனே ஆர்ன்ஃபினுக்குப் போன் செய்தாள்.

"மெஷின் மறுபடி கத்துது. நீ வந்து பாரு. இப்பவே வா."

"நான் என்ன மெக்கானிக்கா?"

"உன் வீட்டுக் கூண்டும் இவன் கட்டினதுதானே? உன் மெஷின் எப்படி ஓடுது?"

அந்தப் பக்கம் ஒரு ஜன்னலைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"கத்துது" என்றான் ஆர்ன்ஃபின். "வரேன்."

சத்தத்தில் ஹல்வார் எழுந்து வந்தான். உள்ளாடையின் மேல் கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்க்ரூடிரைவரோடு வெளியே பாய்ந்தான். ஆர்ன்ஃபினின் ஜீப் வந்து நிற்கும்போது அவன் கடைசி ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தான். தூரிட்டும் படியிறங்கிப் போனாள். கதவு பெயர்ந்து பனியில் விழுந்தது. உள்ளே அடியிலிருந்து ஃபேனின் பாதி உயரத்துக்குப் பனிக்கட்டி நிறைந்திருந்தது. பின்பக்கம் முழுக்க உறைபனி சுவர் போல வெளுத்து நின்றது.

மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆர்ன்ஃபின் வேலியைப் பார்த்தான், எஸ்கிலின் பலகை அடித்த ஜன்னலைப் பார்த்தான், இரண்டுக்கும் நடுவில் புதுப்பனி ஒரு தடமும் இல்லாமல் கிடப்பதைப் பார்த்தான்.

"ஹல்வார், எஸ்கில் ஆஸ்பத்திரியில படுத்திருக்கான். கஞ்சியக் குழாய் வழியா ஊத்தறாங்க. நேத்துதான் பாத்துட்டு வந்தேன்."

ஹல்வார் ஸ்க்ரூடிரைவரைப் பனியில் எறிந்தான். அவன் கழுத்து நரம்பு புடைத்தது.

"கதவ மூடினா பனி கட்டுது, திறந்தா கட்டல" என்றாள் தூரிட். "எவனும் ஊத்தல. முதல்லயிருந்தே எவனும் ஊத்தல, ஹல்வார்."

"இங்க வர முன்னாடி எங்க வீட்டுக் கதவையும் கழட்டிட்டுத்தான் வந்தேன்" என்று ஆர்ன்ஃபின் மெல்லச் சொன்னான். "ஜீப்ப எடுக்கறதுக்குள்ள சத்தம் பாதியாக் கொறஞ்சுபோச்சு. அழகாத்தான் கட்டியிருக்க, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அது மூச்சு முட்டிச் சாகுதுடா."

ஹல்வார் கூண்டைப் பார்த்தான். மூலைக்கட்டையின் வெள்ளைப் பெயிண்டில் துடைத்தும் போகாத கறையைப் பார்த்தான். பிறகு அவன் கண்கள் தரையில் தடம் தேடின. ஒரு தடம் இருந்தது. வீட்டுப் படியிலிருந்து கூண்டை ஒட்டிக்கொண்டு விறகுக் கொட்டகைக்குப் போய்த் திரும்பி வந்த பெண்காலடித் தடம். அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது, நெடுநாள் தேடிய சாமான் கிடைத்தவன் மாதிரி.

"நீயா?" என்றான். "நீதான் ஊத்துனியா?"

 தூரிட் அவன் தோள் பின்னால் போவதைப் பார்த்தாள். பதினாறு வருஷமாகப் பார்த்துப் பழகிய தோள், எந்தக் கை எங்கே வரும் என்று அவளுக்கு அத்துப்படி. இரண்டு எட்டுப் பின்னால் வைத்திருந்தால் போதும், குத்து காற்றில் போயிருக்கும்.

அவள் நகரவில்லை. அடி கன்னத்தில் விழுந்தது, ஒரு பல் உள்ளே உடைந்தது, பனியில் மல்லாக்க விழுந்தாள். இரண்டாவது அடிக்கு அவன் குனிவதற்குள் ஆர்ன்ஃபின் அவன் மேல் பாய்ந்து, கையை முறுக்கி, முகத்தைப் பனியில் அழுத்தி விலங்கு மாட்டினான். "அவதான் ஊத்தினா, அவளக் கேளு, அவளக் கேளு" என்று ஹல்வார் பனியைத் தின்றுகொண்டே கத்திக்கொண்டிருந்தான்.

"நீ ஏன் தள்ளி நிக்கல?" என்று கேட்டான் ஆர்ன்ஃபின். "அடிக்க வர்றான்னு தெரிஞ்சும் அப்படியே நின்னியே."

தூரிட் ரத்தத்தைத் துப்பினாள்.

"நான் சொன்னா நீ நம்பமாட்ட" என்றாள். "நீயே பாத்தா நம்புவன்னு நின்னேன்."